சஹாகூன் பாதிரியாரும் பன்னிரண்டு புத்தகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவின் பழைய வரலாற்றைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரு ஸ்பானியப் பாதிரியாரின் பெயர் வந்து நிற்கும்: பெர்னார்தினோ தே சஹாகூன். பெயர் வந்ததும் அதே கேள்விகளும் வரும். அவற்றை இங்கே ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

முதலில், யார் இவர்?

ஸ்பெயினில் லெயோன் பகுதியில் சஹாகூன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1499 வாக்கில் பிறந்தவர். ஊர்ப்பெயரே துறவறத்தில் அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. சலமான்கா பல்கலைக்கழகத்தில் படித்தார், அந்த ஊரிலேயே பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். 1529இல் கப்பலேறி மெக்சிகோ போனவர் அப்புறம் ஊர் திரும்பவே இல்லை. 1590இல் மெக்சிகோ நகரில் இறந்தபோது வயது தொண்ணூறை ஒட்டி இருக்கும்.

அந்த 61 ஆண்டுகளில் பாதி, ஒரே வேலைக்குப் போனது. நாம் பொதுவாக அஸ்டெக் என்று சொல்கிறோமே, அவர்களையும் அவர்களைச் சுற்றி அதே மொழி பேசியவர்களையும் சேர்த்து நவா மக்கள் என்பார்கள். அவர்களுடைய சாமி, சடங்கு, சந்தை, மருந்து, மேடைப்பேச்சு, திட்டு உட்பட எல்லாவற்றையும் அவர்கள் மொழியான நவாத்தலிலேயே எழுத வைத்தார். தலைப்பில் சொன்ன பன்னிரண்டு புத்தகங்கள் அவைதான்.

பிரான்சிஸ்கன்கள் அங்கே எப்படிப் போனார்கள்?

அசிசி நகரத்துப் பிரான்சிஸ் 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சபை அது. சொத்து கூடாது, எளிய அங்கி, இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு. அஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லான் 1521 ஆகஸ்ட் 13இல் வீழ்ந்தது. அதைப் பிடித்த எர்னான் கோர்த்தேஸ், ஆடம்பரமாக வாழும் ஆயர்களை அனுப்பினால் இங்குள்ளவர்கள் நம்மை மதிக்க மாட்டார்கள், துறவிகளை அனுப்புங்கள் என்று மன்னருக்கு எழுதினார். 1524இல் பன்னிரண்டு பிரான்சிஸ்கன்கள் வந்து இறங்கினார்கள். கடற்கரையிலிருந்து தலைநகர் வரை வெறுங்காலோடு நடை. வழியில் சனங்கள் இவர்களைப் பார்த்து 'மோத்தோலினியா' என்று ஏதோ முணுமுணுத்தார்களாம். தொரிபியோ தே பெனவெந்தே என்ற துறவி அதற்கு என்ன பொருள் என்று விசாரித்தார். 'ஏழை, பாவம்' என்றார்கள். இனி இதுதான் என் பெயர் என்று அன்றிலிருந்து மோத்தோலினியா ஆகிவிட்டார்.

சஹாகூன் இந்தப் பன்னிருவரில் ஒருவர் அல்லர். ஐந்து ஆண்டு கழித்து அடுத்த அணியில் வந்தவர்.

மொழியை எப்படிக் கற்றார்?

அவர் வந்த கப்பலிலேயே சில நவா பிரபுக்களும் இருந்தார்கள். கோர்த்தேஸ் அவர்களை ஸ்பெயினுக்குக் கூட்டிப்போய் அரசவையில் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பயணத்திலேயே சஹாகூனுக்கு நவாத்தல் பாடம் தொடங்கிவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இளம் வயதில் ஆள் பார்க்க அவ்வளவு அழகாக இருப்பாராம். பெண்கள் கண்ணில் படாமல் மூத்த துறவிகள் அவரை ஒளித்து வைப்பார்கள் என்று பழைய சபை வரலாற்றில் எழுதியிருக்கிறது. பொப்போகாதெபெத்தல் எரிமலையில் ஏறியதாக அவரே எழுதியிருக்கிறார்.

நவாத்தலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்றாவதாக ஒரு பொருளைச் சொல்வது அதன் வழக்கம். 'பூவும் பாட்டும்' என்றால் கவிதை. 'நீரும் மலையும்' என்றால் ஊர். இதை அகராதி வைத்துக்கொண்டு படித்துவிட முடியாது, பேசுகிறவர்களோடு பல வருஷம் உட்கார வேண்டும். சஹாகூன் உட்கார்ந்தார். அவரைப் பற்றி எனக்குள்ள மரியாதையில் பெரும்பகுதி இதற்குத்தான்.

த்லாத்தெலோல்கோ கல்லூரி என்கிறார்களே, அது என்ன?

1536 ஜனவரி 6 அன்று திறந்த சாந்தா க்ரூஸ் கல்லூரி. த்லாத்தெலோல்கோ என்பது தலைநகரை ஒட்டிய இரட்டை நகரம், பெரிய சந்தைக்குப் பேர்போன இடம். நவா பிரபுக் குடும்பத்துப் பையன்களுக்கு லத்தீன், தர்க்கம், இசை, மருத்துவம் எல்லாம் கற்றுக்கொடுக்க வைஸ்ராய் மெந்தோசாவும் ஆயர் சுமாராகாவும் ஆதரவு தந்து தொடங்கினார்கள். சஹாகூன் முதல் லத்தீன் ஆசிரியர்களில் ஒருவர்.

இந்தியர்களுக்கு (அந்த மண்ணின் மக்களை ஸ்பானியர்கள் அப்படித்தான் அழைத்தார்கள்) லத்தீன் ஏறுமா என்று ஸ்பானியர்களும் மற்ற பாதிரிமார்களும் சிரித்தார்கள். இரண்டு மூன்று ஆண்டில் பையன்கள் லத்தீனில் செய்யுள் எழுத ஆரம்பித்ததும் சிரிப்பு போய், இவர்கள் இவ்வளவு தெரிந்துகொள்வது ஆபத்து என்ற பேச்சு வந்தது. சஹாகூனே இதைக் கொஞ்சம் நக்கலோடு பதிவு செய்திருக்கிறார். 1552இல் இதே கல்லூரியில் மார்த்தின் தெ லா க்ரூஸ் என்ற நவா வைத்தியர் மூலிகைச் சுவடி ஒன்றைத் தொகுக்க, ஹுவான் பாதியானோ என்ற நவா ஆசிரியர் அதை லத்தீனில் பெயர்த்தார்.

சஹாகூனின் பெரிய வேலைக்குக் கைகொடுத்தவர்களும் இங்கே படித்தவர்கள்தான். அந்தோனியோ வலேரியானோ, அலோன்சோ வெகெரானோ, மார்த்தின் ஹக்கோபித்தா, பெத்ரோ தே சான் புவெனவெந்தூரா என்று அவர்கள் பெயரை அவரே எழுதி வைத்திருக்கிறார். வலேரியானோவைப் பற்றி 'எல்லாரிலும் கற்றவர்' என்கிறார். ஏடெழுதியவர்களின் பெயர்களையும் தந்திருக்கிறார். அந்தக் காலத்தில் இது எல்லோரும் செய்த காரியம் இல்லை.

அந்தப் பெரிய புத்தகம் எப்படி உருவானது?

1547இலேயே பெரியவர்கள் பேசும் முறையான உரைகளைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். 1558இல் சபையின் மாநிலத் தலைவர் பிரான்சிஸ்கோ தெ தோரால், மதபோதனைக்கு உதவக்கூடியதை எல்லாம் நவாத்தலில் எழுது என்று உத்தரவிட்ட பிறகு வேலை முறைப்படி ஆரம்பித்தது.

சஹாகூன் செய்த முதல் காரியம், கேள்விகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. அதை எடுத்துக்கொண்டு தெபெபுல்கோ என்ற ஊருக்குப் போனார். ஊர்த் தலைவரைக் கூப்பிட்டு, பழைய விஷயம் தெரிந்த பெரியவர்கள் வேண்டும் என்று கேட்டார். அவர்கள் உடனே தலையாட்டிவிடவில்லை. கலந்து பேசிவிட்டு மறுநாள் சொல்கிறோம் என்று போனார்கள். மறுநாள் முறையாக வணக்கம் சொல்லி, மரபுப்படி ஒரு நீண்ட உரையாற்றி, பத்துப் பன்னிரண்டு முதியவர்களைக் காட்டினார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு பேச்சு நடந்தது. இவர் கேட்பார். பெரியவர்கள் பதிலைப் படமாகக் கொடுப்பார்கள், ஏனென்றால் அவர்களுடைய பழைய எழுத்துமுறையே ஓவியம்தான். கல்லூரியில் படித்த இளைஞர்கள் படத்தின் கீழே நவாத்தலில் விளக்கம் எழுதுவார்கள்.

1561இல் த்லாத்தெலோல்கோ வந்து, அங்கே வேறு எட்டுப் பத்துப் பெரியவர்களை வைத்து, முன்பு எழுதியதை மறுபடி சரிபார்த்துத் திருத்திச் சேர்த்தார். அப்புறம் மெக்சிகோ நகர மடத்தில் அங்குள்ளவர்களை வைத்து மூன்றாவது சுற்று. ஆக மூன்று ஊர், மூன்று சல்லடை. 1569இல் பன்னிரண்டு புத்தகங்களாக நவாத்தல் வடிவம் முடிந்தது. 1575 முதல் 1577 வரை பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் ஸ்பானியம், வலப்பக்கம் நவாத்தல் என்று எழுதப்பட்டதுதான் இன்று புளோரன்ஸ் சுவடி எனப்படுவது. சுமார் 2,400 பக்கம், ஏறத்தாழ 2,500 ஓவியங்கள்.

அதில் என்னதான் இருக்கிறது?

தெய்வங்கள், திருவிழாக்கள், 260 நாள் கணக்கில் சோதிடம், சகுனம், விண்மீன்கள், அரசர்கள், தூரதேச வணிகர்கள், பொற்கொல்லர், இறகு வேலைக்காரர், உடல் உறுப்புகள், நோய், விலங்கு, செடி, கடைசியாக ஸ்பானியப் படையெடுப்பு. இப்படிப் பட்டியல் போட்டால் கலைக்களஞ்சியம் மாதிரித் தெரியும். உள்ளே போனால்தான் சுவை.

பத்தாவது புத்தகத்தில் சந்தை வருகிறது. ஒவ்வொரு வியாபாரிக்கும் நல்லவன் எப்படி, கெட்டவன் எப்படி என்று இரண்டு வரி. தக்காளி விற்பவரைப் பாருங்கள். பெரிய தக்காளி, சின்னத் தக்காளி, இலைத் தக்காளி, பாம்புத் தக்காளி, மணல் தக்காளி, இனிப்புத் தக்காளி, மஞ்சள், நல்ல மஞ்சள், சிவப்பு, நல்ல சிவப்பு, விடியல் நிறம் என்று கூடையில் இருப்பதெல்லாம் வரிசையாக வரும். கெட்ட வியாபாரியோ அழுகினது, நசுங்கினது, தின்றால் வயிற்றுப்போக்கு வருவது, புளிக்கிறது என்று தள்ளிவிடுவாள். காய்கறிக் கடைக்குப் போய்ப் பழகிய யாருக்கும் இதில் உரையாசிரியர் தேவையில்லை. நாம் டொமேட்டோ, சில்லி, சாக்லேட், அவகாடோ என்று சொல்லும் நான்கு பெயரும் நவாத்தலிலிருந்து கிளம்பியவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆறாவது புத்தகம் வேறு மாதிரி. அப்பா மகளுக்குச் சொல்லும் புத்தி, மருத்துவச்சி பிறந்த குழந்தையிடம் பேசுவது, புதிய அரசனுக்குப் பெரியவர்கள் சொல்வது எல்லாம் அங்கே. 'என் கழுத்து மணியே, என் கெத்சால் இறகே' என்று மகளைக் கூப்பிடுகிறார்கள். கெத்சால் பச்சைச் சிறகுள்ள ஒரு பறவை, அதன் இறகு அவர்களுக்குப் பொன்னைவிட உசத்தி. பூமியில் நாம் மலை முகட்டில் நடக்கிறோம், இந்தப் பக்கமும் பள்ளம், அந்தப் பக்கமும் பள்ளம், நடுவே பார்த்து நட என்று சொல்லும் இடமும் அதில் உண்டு.

பன்னிரண்டாவது, தோற்றவர்கள் வாயால் சொன்ன போர்க்கதை. தங்கத்தைக் கண்டதும் ஸ்பானியர்கள் குரங்குகள் மாதிரி அதைத் தூக்கிப் பார்த்துப் பூரித்தார்கள், பன்றிகள் மாதிரி அதற்கு ஏங்கினார்கள் என்று எழுதியிருக்கிறது. 1520இல் வந்த பெரியம்மை பற்றியும் வருகிறது: மேலெல்லாம் கொப்புளம், புரண்டு படுக்கக்கூட முடியவில்லை, கஞ்சி கொடுக்க யாரும் இல்லாமல் பட்டினியாலும் செத்தார்கள். ஒரு ஸ்பானியத் துறவியின் மேற்பார்வையில் இப்படி எழுதப்பட்டது ஆச்சரியம்தான்.

அழிக்க வந்தவர் ஏன் எழுதி வைத்தார்?

காரணத்தை முன்னுரையில் ஒளிக்காமல் சொல்கிறார். நோய் எதனால் வந்தது என்று தெரியாத வைத்தியர் சரியான மருந்து கொடுக்க முடியாது. பாதிரிமார்கள் ஆன்மாவுக்கு வைத்தியர்கள். சிலை வழிபாடு எந்தெந்த வடிவில் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் பாவமன்னிப்புக் கேட்க வருகிறவனிடம் சரியான கேள்வி கேட்க முடியும். கண்முன்னே பழைய சாமியைக் கும்பிட்டாலும் நமக்குத் தெரியாமல் போகிறது என்பது அவர் கவலை.

இன்னொரு காரணமும் அதே முன்னுரையில் இருக்கிறது. இந்த மொழியின் எல்லாச் சொற்களையும் அவற்றின் பொருளோடு வெளியே இழுத்துப் போடும் பெருவலை இது என்கிறார். எனக்கு என்னவோ, ஆண்டுகள் போகப் போக வைத்தியரைவிட வலைக்காரர் மேலே வந்துவிட்டார் என்றே தோன்றுகிறது. பதினொரு வகைத் தக்காளியைக் கண்டுபிடித்து எந்தப் பாவத்துக்கு மருந்து கொடுப்பது?

அப்படியானால் நவா மக்களுக்கு அவர் நண்பரா?

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

ஒரு பக்கம்: தெஸ்கோகோ என்ற நவா நகரத்தின் தலைவர் தோன் கார்லோஸ் பழைய மதத்துக்கு ஆதரவாகப் பேசினார் என்று 1539இல் ஆயர் சுமாராகா விசாரித்தார், அவர் எரிக்கப்பட்டார். அந்த விசாரணையில் மொழிபெயர்த்தவர்களில் சஹாகூனும் ஒருவர். மடத்தில் வளர்ந்த சிறுவர்கள் துறவிகளோடு போய்க் கோயில்களை இடித்ததையும், இரவில் ஒளிந்து நடக்கும் சடங்குகளைக் காட்டிக்கொடுத்ததையும் வருத்தமே இல்லாமல் எழுதுகிறார். தெபெயாக் குன்றில் குவாதலூப்பே மாதாவைக் கும்பிட வருகிறவர்கள் 'தொனான்ட்சின்' என்று பழைய தாய்த்தெய்வத்தின் பெயரால் கூப்பிடுகிறார்கள், இது சாத்தானின் தந்திரம் போலிருக்கிறது என்று கடைசிவரை கடுப்பாகவே இருந்தார்.

இன்னொரு பக்கம்: இவர்களைக் காட்டுமிராண்டிகள் என்கிறார்களே, நாகரிகம் பேசும் பல நாடுகளைவிட நாட்டை நடத்தும் முறையில் இவர்கள் ஒரு படி மேலே இருந்தவர்கள், ஸ்பானியர்கள் மிதித்து நாசமாக்கியதால் பழைய முகமே தெரியாமல் போய்விட்டது என்று எழுதியவரும் அவர்தான். பிள்ளைகளை அவர்கள் பழைய முறையில் வளர்த்த கண்டிப்பு இந்த மண்ணுக்குப் பொருந்தியது, அதைக் கலைத்துவிட்டு நாம் வைத்தது பொருந்தவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார்.

இந்த இழுபறியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சுவடியின் இரண்டு பத்திகளைப் பாருங்கள். நவாத்தல் பத்தி நீளமாக ஓடும். ஸ்பானியப் பத்தி சுருங்கிவிடும், மிச்ச இடத்தில் படம் வரும். இரண்டாம் புத்தகத்தின் பிற்சேர்க்கையில் தெய்வங்களுக்குப் பாடிய இருபது பழம்பாடல்கள் இருக்கின்றன. இவை பிசாசு ஒளிந்துகொள்ளும் அடர்காடு என்று ஸ்பானியத்தில் எச்சரித்துவிட்டு, மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டார். ஆனால் நவாத்தலில் எழுதாமல் விடவில்லை.

சபையே அவர் வேலையைத் தடுத்ததாமே?

ஆம். 1570இல் சபைக் கூட்டம் புத்தகங்களைப் பார்த்துப் பாராட்டியது. ஆனால் ஏடெழுதுபவர்களுக்குக் காசு கொடுப்பது ஏழ்மை வார்த்தைப்பாட்டுக்கு ஒவ்வாது என்று சிலர் கிளப்பினார்கள். எழுத்தர்களை நிறுத்து, வேண்டுமானால் உன் கையாலேயே எழுதிக்கொள் என்று உத்தரவு. அவருக்கு எழுபது தாண்டியிருந்தது, கை நடுங்கும். வேலை நின்றது. மாநிலத் தலைவர் புத்தகங்களை வாங்கி வெவ்வேறு மடங்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார்.

கிழவர் சும்மா இருக்கவில்லை. சுருக்கம் ஒன்றை எழுதி ஸ்பெயினில் அமெரிக்கக் காலனிகளைக் கவனித்த 'இந்தியாக்களுக்கான மன்ற'த்தின் தலைவருக்கும், இன்னொன்றைத் திருத்தந்தை ஐந்தாம் பயஸுக்கும் அனுப்பினார். தலைமைகள் மாறி, ஏடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 1575இல் வந்த சபை ஆணையர் ரொத்ரிகோ தெ செக்கேரா புத்தகங்களைப் பார்த்து மகிழ்ந்து, ஸ்பானியத்திலும் எழுது என்று சொல்லி ஆள் உதவியும் கொடுத்தார்.

அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. 1577 ஏப்ரல் 22இல் மன்னர் இரண்டாம் பிலிப் வைஸ்ராய்க்கு ஓர் ஆணை அனுப்பினார்: சஹாகூனின் நூலைத் தேடி எடுத்து, படி எதுவும் மிச்சமில்லாமல் இங்கே அனுப்பு. இந்தியர்களின் மூடநம்பிக்கைகளையும் பழைய வாழ்க்கைமுறையையும் பற்றி எந்த மொழியிலும் யாரும் எழுத விடாதே. செக்கேரா 1580இல் ஒரு முழுப் படியைத் தன்னோடு ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார். அது பிறகு இத்தாலியில் புளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சஹாகூன் உயிரோடு இருந்தபோது அச்சான அவருடைய நூல் ஒன்றே ஒன்று: 1583இல் வந்த நவாத்தல் கிறிஸ்தவப் பாடல் தொகுப்பு. பெரிய நூலின் ஸ்பானியப் பகுதி அச்சேற 1829 ஆனது.

கொள்ளைநோய் இந்தக் கதையில் எங்கே வருகிறது?

எல்லா இடத்திலும். 1545இல் தொடங்கிய கொள்ளைநோயில் த்லாத்தெலோல்கோவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களைத் தான் புதைத்ததாக எழுதுகிறார். கடைசியில் நோய் அவரையும் பிடித்தது, பிழைத்ததே பெரிது.

1576 ஆகஸ்டில் மறுபடி வந்தது. சுவடிக்குப் படம் வரைந்துகொண்டிருந்த அதே நேரம். பதினோராம் புத்தகத்தில் செடிகொடிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருகிறவர், நடுவில் நிறுத்தி, நோய் தொடங்கி மூன்று மாதமாகிறது, தினமும் சாவு கூடிக்கொண்டே போகிறது என்று எழுதுகிறார். அதுவரை ஓவியங்களில் செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் மண்ணிலிருந்தும் எடுத்த சாயங்கள் பளபளக்கும். அந்தப் புத்தகத்திலேயே வண்ணம் நின்றுபோகிறது. பன்னிரண்டாவது புத்தகம் பெரும்பாலும் வெறும் கறுப்புக் கோடு. சாயம் வரவில்லை, வரைகிறவர்களும் விழுந்துகொண்டிருந்தார்கள்.

'மானுடவியலின் தந்தை' என்று அவரைச் சொல்வது சரியா?

சொல்பவர்கள் நிறைய. கேள்விப் பட்டியல், பல ஊர்ச் சாட்சிகள், ஒப்பிட்டுத் திருத்துவது, அவர்கள் மொழியிலேயே பதிவு: முறையைப் பார்த்தால் பட்டம் பொருந்தும். நான் அந்தப் பட்டத்தைப் பயன்படுத்துவதில்லை. பதில் சொன்ன பெரியவர்களும், எழுதிய நால்வரும், இருபதுக்கும் மேற்பட்ட ஓவியர்களும் அந்தப் பட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகிறார்கள். கேள்வி அவருடையது, பதில் அவர்களுடையது.

எப்படி இறந்தார்?

1590இல் சளிக்காய்ச்சல் பரவியது. த்லாத்தெலோல்கோவில் இருந்தவரை மெக்சிகோ நகர மருத்துவமடத்துக்குப் போகச் சொல்லி மற்ற துறவிகள் நச்சரித்தார்கள். அவர்களுக்காகப் போனார். போய், அங்கே நோயாளிகளைக் கவனிக்கும் துறவியிடம், 'அந்த அசட்டுச் சகோதரர்கள் தேவையே இல்லாமல் என்னை இங்கே வரவைத்துவிட்டார்கள்' என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்கே திரும்பிவிட்டார். சில நாளில் நிஜமாகவே முடியாமல் போனது. தான் வளர்த்த நவா பிள்ளைகளைக் கூப்பிட்டு விடைபெற்றுக்கொண்டு மறுபடி நகரத்துக்குப் போனார். அங்கேயே இறந்தார்.

சுவடியை இப்போது பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்கலாம்?

அசல், புளோரன்ஸில் லாரன்சியன் நூலகத்தில் மூன்று தொகுதிகளாக இருக்கிறது. 2023 முதல் அமெரிக்காவின் கெட்டி (Getty) ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் முழுவதையும் இலவசமாகப் புரட்டலாம். இரண்டு பத்திகளுக்கும் தனித்தனி ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. முதல் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தால் சாமிகளின் பெயரிலேயே மூச்சு வாங்கும். பத்தாவதைத் திறந்து சந்தைக்குள் போங்கள், வலப்பக்கப் பத்தியைப் படியுங்கள்.